கடைசி பெஞ்சுக்காரன்

இஸ்ரேல் ரிட்டையர் ஆன அன்று டிக்கெட் பையைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, கண்டக்டர் புத்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக வேடிக்கை பார்க்கிறவனைப் பின்மண்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. ஆந்திராவில் பிச்சாட்டூர் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய மிஷன் சபையில் மூப்பர் ஆனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் வாசலில் நின்றுகொண்டு வருகிற ஜனங்களையும் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் கண்ணில் அந்த ஆள் தப்புவானா?

ஒல்லியான ஆள், முப்பது வயதுக்குள் இருக்கும். முழுக்கைச் சட்டை. மூன்றாவது வாரமாக வந்து ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருகிறான். முதல் வாரமே இஸ்ரேல் கவனித்துவிட்டார். சபையார் எல்லோரும் கோயில் படிக்கட்டு வரைக்கும் செருப்போடு வந்து அங்கேதான் கழற்றுவார்கள். இவன் காம்பவுண்டு கேட்டிலேயே கழற்றிவிட்டு, சுடுமணலில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வந்தான். காணிக்கைப் பை வந்தபோது நோட்டைப் போட்டுவிட்டு பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பை பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு இவன் ஆமென் மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

இதெல்லாம் போகட்டும். சட்டைப் பையில் அவன் போனை வைத்திருந்த விதம்தான் இஸ்ரேலுக்கு உறுத்தியது. பைக்கு மேலே கேமரா மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி எந்த சபை?" என்று வாசலில் மடக்கிக் கேட்டார்.

"ஊரிகே வச்சானண்டி," என்றான். சும்மாதான் வந்தேன் என்று தெலுங்கில். பிறகு என்ன தோன்றியதோ, தமிழிலேயே, "திருப்பதில இருந்து வரேங்க," என்றான்.

சும்மா வருகிறவன் எவனாவது விடியற்காலையில் திருப்பதியில் பஸ் ஏறிப் பிச்சாட்டூர் பக்கம் வருவானா? திருப்பதியை நோக்கித்தான் உலகமே போகிறது. அங்கிருந்து கிளம்பி இந்த ஓட்டுக் கூரைக் கோயிலுக்கு ஒருவன் வந்தால், அவன் வேலையாகத்தான் வருகிறான். என்ன வேலை என்பதுதான் கேள்வி.

வேறு சமயமாக இருந்தால் இஸ்ரேல் இவ்வளவு பதறியிருக்கமாட்டார். அடுத்த ஞாயிறு அவர் மகன் கிளாட்வினின் நினைவு ஆராதனை. எல்லையில் காவல் நின்றபோது குண்டுபட்டு இறந்து மூன்று வருஷம் ஆகிறது. வருஷாவருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை பீடத்துப் பூ அவர்கள் வீட்டு உபயம், ஆராதனை முடிந்ததும் சபைக்கே அவர்கள் வீட்டுப் பிரியாணி. பூவுக்கும் பிரியாணிக்கும் நடுவில், போதகர் கண்களைச் சுற்றிலும் ஓட்டி, "குடும்பத்தார் சார்பாக ஒருவர் ஜெபம் செய்வார்கள்" என்பார். அது அந்தச் சபையின் வழக்கம். போன இரண்டு வருஷமும் இஸ்ரேல்தான் எழுந்து நாட்டுக்காகவும் ராணுவத்துக்காகவும் கணீரென்று ஜெபித்தார்.

இந்த வருஷம் அவர் மனைவி ஜெயசீலி, "நான் பண்றேன்," என்றாள்.

"பண்ணேன். அதுக்கு இன்னா."

"அவன சுட்டவனுக்காகவும் பண்ணப் போறேன். அவன பெத்தவளுக்காகவும்."

இஸ்ரேலின் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. இவளுக்கு ஏதாவது பிடித்துவிட்டதா? சத்தியவேடு பக்கம் ஒரு ஊரில், போதகர் ஒருவர் ஜெபித்ததில் இரண்டு வரியை யாரோ போனில் பிடித்து, முன்னும் பின்னும் நறுக்கி ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். அந்த மனுஷன் பகலெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அவராவது ஏதோ பொதுவாகப் பேசியவர். இவளோ எதிரிக்காகவே ஜெபிக்கப் போகிறாளாம்! அது போனில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இஸ்ரேலுக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளதைச் சொன்னால், பயம் ஸ்டேஷனைப் பற்றி மட்டும் இல்லை. ஊர் நுழையும் முனையில் கிளாட்வின் படம் போட்ட பேனர் இருக்கிறது, அமர ஜவான் என்று தெலுங்கில். ரெட்டிகளும் நாயுடுக்களும் உட்காரும் டீக்கடையில் இஸ்ரேல் நுழைந்தால் இப்போது எழுந்து நாற்காலி போடுகிறார்கள். அவருடைய அப்பன் பாட்டன் வெளியே நின்று டீ வாங்கிக் குடித்த கடை அது. மகனைக் கொடுத்து வந்த நாற்காலி. அதை ஒரு ஜெபத்தில் இழக்க அவர் தயாராக இல்லை.

அவர் பங்குக்கு அவர் வைத்திருந்த பொக்கிஷம் ஒரு வீடியோ. அடக்க ஆராதனை அன்று யாரோ எடுத்தது. தேசியக்கொடி போர்த்திய பெட்டி, வானத்தைப் பார்த்துச் சுடும் துப்பாக்கிகள், "என் புள்ளய கொன்னுட்டாங்களே ஆண்டவரே, பாத்துக்கினா இருக்கீங்க?" என்று ஜெயசீலி கதறும் முகம், உடனே முரசுச் சத்தம், பழிக்குப் பழி என்று எரியும் எழுத்து, கடைசியில் சல்யூட் அடிக்கும் இஸ்ரேல். லட்சக்கணக்கான பேர் பார்த்த வீடியோ. அதை அவர் தமக்குத் தெரிந்த எல்லா குரூப்புக்கும் அனுப்பியிருந்தார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவனைக்கூட உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார். அது ஓட ஆரம்பித்தால் ஜெயசீலி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பெற்ற வயிறு, தாங்கமாட்டாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை பழைய கூட்டாளி டிரைவர் வெங்கடசாமியைப் பிடித்தார். அந்த ரூட்டில் யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

"அவனா? கோபிகிருஷ்ணன்னு பேரு," என்றார் வெங்கடசாமி. "திருப்பதில பஸ் ஸ்டாண்டு பின்னால சந்துல கடை வெச்சிக்கினு கீறான். கல்யாண வீடியோ, எலக்‌ஷன் வீடியோ எல்லாம் வெட்டி ஒட்டிக் குடுப்பான். கைகாரன்."

வெட்டி ஒட்டுகிறவன்! இஸ்ரேலுக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று மறுநாளே திருப்பதி பஸ் ஏறினார்.

சந்து நெருக்கடியாக இருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் கடைக்குப் பக்கத்தில் தொப்பி விலை பேசிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் மறைந்து நின்று, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சுக்காரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் ஜெயசீலி.

அதே அடக்க ஆராதனை. அதே கதறல். அவன் ஓடவிட்டான், நிறுத்தினான், பின்னால் இழுத்தான், மறுபடி ஓடவிட்டான். தன் மனைவியின் திறந்த வாயை ஒரு அந்நியன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதைப் பார்க்கப் பார்க்க இஸ்ரேலுக்குப் பொறுக்கவில்லை. குடிகாரர்களைக் காலரைப் பிடித்து நடுரோட்டில் இறக்கிவிட்ட மனுஷன், அந்தக் கதவைத் தள்ளத் துணியாமல் வந்த வழியே திரும்பினார். பழைய அழுகையையும் புது ஜெபத்தையும் ஒட்டி என்னவோ செய்யப் போகிறான். பெற்ற பிள்ளையைக் கொன்றவனுக்கு வேண்டிக்கொள்கிற தாய் பார் என்று ஊர் சிரிக்கப் போகிறது. பஸ்ஸில் வரும்போதே முழுக் கதையும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் போதகர் இயேசுதாசனிடம் போய், இந்த வருஷம் குடும்ப ஜெபம் வேண்டாம், நீங்களே சுருக்கமாக முடித்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்.

"சிலுவையில தொங்கிக்கினே ஆண்டவர் பண்ண ஜெபம் இன்னா, மூப்பரே?" என்றார் போதகர். "கொல்றவங்கள மன்னியும்னு பண்ண அந்த ஜெபத்த ஒரு தாய் பண்றேன்னா, வேணாம்மா உக்காருன்னு நான் எந்த வாயால சொல்றது?"

வீட்டில் ஜெயசீலி நினைவுநாள் பிரியாணிக்கு மசாலா சாமான் வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். இஸ்ரேல் திருப்பதியில் பார்த்ததை எல்லாம் கொட்டினார். அவள் பட்டையையும் கிராம்பையும் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் பேசப் போறது ஆண்டவருகிட்ட. நடுவுல எவனாச்சும் புடிச்சிக்கினு போனா போவட்டும்," என்றாள்.

"உனக்கு இன்னாமே தெரியும்? நாளைக்கி டீக்கடைல எவன் மூஞ்சில நான் முழிக்கிறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஓ. அதுக்கா," என்றாள். அவ்வளவுதான். மறுபடி கிராம்பைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமே இஸ்ரேல் வாசலில் போய் நின்றுகொண்டார். இரண்டாம் மணி அடித்துப் பாட்டு தொடங்குகிற நேரம், அவன் கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். படிக்கட்டில் கால் வைக்கும் முன் இஸ்ரேல் கையை நீட்டினார்.

"போன குடு."

எதிர்த்துப் பேசுவான், நழுவப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் பேசாமல் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டு, "ஐயா, உள்ள போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். மூணு வாரமா அதுக்குத்தான் வரேன். உங்க மூஞ்சிய பாத்தா வாய் வரல," என்றான்.

இருவரும் காம்பவுண்டு ஓரம் புங்கமரத்தடிக்குப் போனார்கள். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"உங்க புள்ள அடக்கத்துக்கு வீடியோ எடுத்தது நான்தாங்க," என்றான் கோபிகிருஷ்ணன். "பழிக்குப் பழின்னு போட்டு வுட்டதும் நான்தான்."

இஸ்ரேல் எதற்கும் தயாராக வந்திருந்தார், இதற்குத் தயாராக வரவில்லை. "அதுவா?" என்றார். "அது நல்லாத்தானப்பா இருக்குது! என்கிட்ட இன்னும் வெச்சிக்கினு கீறேன்."

அவன் முகம் வெளுத்தது. "ஐயா, அத சொல்லாதீங்க," என்றான். "அத பாத்துட்டுத்தான் என் தம்பி பவன்குமார் மிலிட்டரில சேந்தான். போய் பழி வாங்கிக்கினு வரேண்ணான்னு சொல்லிட்டுப் போனான். இப்ப எல்லைல, உங்க புள்ள நின்ன பக்கமே நிக்கிறான். எங்கம்மா சோறு துன்றதில்ல. போன் அடிச்சா எடுக்கமாட்டேங்கறா, இன்னா சேதியோன்னு. எங்க ஊர் மாரியாத்தாகிட்டயும் போய்ப் பாத்துட்டேன், மலை ஏறியும் கும்புட்டுட்டேன். மனசு ஆறல. நான் வெட்டுனத நான்தான ஒட்டணும்?"

"இன்னா வெட்டுன?"

கோபிகிருஷ்ணன் போனைக் கேட்டு வாங்கி எதையோ தேடி எடுத்து, ஒயரை அவர் காதில் மாட்டினான். முரசு இல்லை, எழுத்து இல்லை. கொடி போர்த்திய பெட்டி. ஜெயசீலி. என் புள்ளய கொன்னுட்டாங்களே ஆண்டவரே, பாத்துக்கினா இருக்கீங்க? இந்த இடத்தில்தான் முரசு வரும். வரவில்லை. அவள் வாய் மூடவும் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"இதோட போதும் ஆண்டவரே. வேற எவளுக்கும் இந்தப் பொட்டி வேணாம். அந்தப் பக்கத்துல பெத்தவளுக்கும் வேணாம்."

இஸ்ரேல் மறுபடி போடச் சொன்னார். மறுபடி கேட்டார். அன்றைக்கு அவர் பெட்டிக்கு அந்தப் பக்கம், அதிகாரிகள் கொடுத்த கொடியை வாங்கிக்கொள்ள நின்றிருந்தார். துப்பாக்கிச் சத்தமும் கோஷமும் காதை அடைத்துக்கொண்டிருந்தன. அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு எத்தனை தடவை அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்? திறந்த வாய் திறந்தபடியே இருக்கும்போது படம் மாறுகிறதே, மிச்சம் எங்கே என்று ஒரு தடவையாவது தோன்றியதா? ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்ட மனுஷன், அந்த வீடியோவை மட்டும் சந்தேகப்படவே இல்லை. தன் வீட்டுக்காரி அடுப்படிக்கு எழுந்து போனது எதற்கென்று இப்போது புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப எதுக்குடா நீ அத வெட்டுன?" என்றார். 

"அதயும் வெச்சா யார் பாப்பாங்கன்னு வெட்டிட்டேங்க," என்றான் அவன். "உங்க வீட்டம்மா கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கணும். இன்னிக்கி அவங்க ஜெபம் பண்றாங்கன்னு போன வாரம் கோயில்ல சொன்னாங்க. அத முழுசா புடிச்சி என் தம்பிக்கு அனுப்பலாம்னு வந்தேன். நீங்க வேணாம்னா போயிடறேன்."

உள்ளே பாட்டு நின்றது. குடும்பத்தார் சார்பாக ஒருவர் ஜெபம் செய்வார்கள் என்று போதகரின் குரல் கேட்டது. இஸ்ரேல் போனை அவன் கையில் திணித்தார். "வா உள்ள. நடுவுல எங்கயும் நிறுத்தாத," என்றார்.

பெண்கள் பக்கம் ஜெயசீலி எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குப் போதகரைப்போல ஜெபிக்க வராது.

"பரலோகத்தில் இருக்கிற பிதாவே, என் புள்ளய குடுத்தீங்க, ஸ்தோத்திரம். எடுத்துக்கினீங்க, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல, மன்னிச்சிக்குங்க. அவன் கூட செத்த புள்ளைங்க எல்லாரையும், அவுங்கள பெத்தவங்களையும் நெனச்சிக்கிறோம். இன்னிக்கி காவல் நிக்கிற புள்ளைங்கள காப்பாத்துங்க. இந்தப் பக்கம் நிக்கிறவங்களையும், அந்தப் பக்கம் நிக்கிறவங்களையும். என் புள்ளய சுட்டவன் எவன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவன் மேல எனக்குக் கோவம் போவல ஆண்டவரே. கோவத்தோடதான் கேக்கறேன். அவன் அம்மாவுக்குப் பொட்டி அனுப்பாதீங்க. சமாதானத்த குடுங்க. இயேசுவின் நாமத்தில் பிதாவே."

ஆமென் சொல்லச் சபைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யார் முதலில் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை கடைசி பெஞ்சிலிருந்துதான் முதல் ஆமென் வந்தது.

பிரியாணி பந்தி ஓய்ந்த பிறகு, கோபிகிருஷ்ணன் ஜெயசீலியிடம் எல்லாவற்றையும் சொல்லி, குனிந்து காலைத் தொடப் போனான். அவள் விலகிக்கொண்டாள்.

"கால தொடாத, எங்களுக்கு அது வழக்கம் இல்ல," என்றாள். "என் வாயில இருந்து பாதிய புடுங்கிக்கினு போயிட்ட நீ. மூணு வருஷமா ஊரே என்ன பழி கேக்கறவள்னு சொல்லிச்சி. ஒரேடியா மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லமாட்டேன். மன்னிக்கப் பாக்கறேன். மொதல்ல உன் தம்பிக்கி இன்னிக்கி புடிச்சத அனுப்பு. வேற யாருக்கும் வேணாம்." சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவருடைய டீக்கடை நாற்காலி அவளுக்குத் தெரியாததா?

"எனக்கும் அனுப்புப்பா," என்றார் இஸ்ரேல்.

வந்தது. புங்கமரத்தடியில் உட்கார்ந்து, பழைய வீடியோவை எந்தெந்தக் குரூப்புக்கு அனுப்பினாரோ அத்தனைக்கும் ஒவ்வொன்றாக அதை அனுப்பினார். பழைய கண்டக்டர்கள், டீக்கடை ஆட்கள், ஊர்ப் பெரிய மனுஷர்கள், சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள்.  ஒன்றையும் விடவில்லை.

கோபிகிருஷ்ணன் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் போன் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பித்தது. ஜெயசீலி அண்டா கழுவிய ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா சொல்றாங்க?"

"ஒன்னும் இல்ல."

"படிங்க. எல்லாத்தையும் படிங்க, எனக்கு எதையும் மறைக்காதீங்க."

அவர் படித்தார். இன்னா இஸ்ரேலு, புத்தி கெட்டுப் போச்சா என்று வெங்கடசாமி. கைகூப்பும் பொம்மை ஒன்று, யாரிடமிருந்து என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் தெலுங்கில் அசிங்கமாக ஒரு வார்த்தை. அதையும் வாய்விட்டுப் படித்தார், அவள் தலையாட்டினாள். அடுத்ததில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். 

"படிங்க," என்றாள் ஜெயசீலி.

"அப்ப உன் புள்ள செத்தது வீணான்னு கேக்கறான்."

சொல்லி முடித்ததும் இஸ்ரேல் உடைந்துபோனார். பெட்டி வந்த அன்று சல்யூட் அடித்தவர், அன்று அழாததையெல்லாம் சேர்த்து, சின்னப் பிள்ளையைப்போல வாய்விட்டு அழுதார். அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயசீலி அவரைத் தேற்றவில்லை. போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதத்தாங்க மூணு வருஷமா ஆண்டவருகிட்ட நான் ஒண்டியா கேட்டுக்கினு கீறேன்," என்றாள். "இனிமே நீங்களும் கூட கேளுங்க."